ஏற்றத்தில் பிரேக் பிடிக்கவும்

உக்கடம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி ஏறியிருந்தபோது முன்னால் போன தேங்காய் லாரி நின்றது. அதற்கு முன்னால் என்ன நின்றதோ, யார் யாரோடு முட்டிக்கொண்டார்களோ, லாரிக்குப் பின்னால் இந்த ஆட்டோ நின்றது, ஆட்டோவுக்குப் பின்னால் ஊரே நின்றது. பின்சீட்டில் வெள்ளிங்கிரி கண்ணை மூடியபடி சாய்ந்திருந்தார். தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் தூக்கம் வரும் என்கிற நம்பிக்கையெல்லாம் போன வருஷத்தோடு தீர்ந்துவிட்டது; வெளிச்சம் படாமல் இருந்தால் போதும் என்றுதான் இப்போது மூடுகிறார். பெட்ரோல் ஆட்டோவாக இருந்தால் நின்ற இடத்தில் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு நிற்கும், தான் நிற்பதை ஊருக்கெல்லாம் சொல்லும். இது பேட்டரி ஆட்டோ, அவருடைய கம்பெனி செய்து இன்னும் விற்பனைக்கு விடாத வண்டி. இதன் மோட்டாரும், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கன்ட்ரோலரும் அவர் வடிவமைத்தவை. அதனால் சத்தமில்லாமல் நின்றது. பார்க்கிறவர்களுக்கு ஓய்வெடுக்கிற மாதிரி இருக்கும். ஆனால் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய கீச்சொலி, கொசு ஒன்று காதோரம் வந்து போகாமல் நின்றுவிட்ட மாதிரி, அவர் இடுப்பெலும்பு வழியாக ஏறியது. ஓய்வெடுக்கவில்லை, ஓய்வெடுக்கவில்லை, என்னைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று மோட்டார் சொல்லுகிற சத்தம், அவருக்கு மட்டும் புரிகிற சத்தம். கண்ணைத் திறந்தவர் முதலில் பார்த்தது ஓட்டுகிற அமராவதியின் வலது மணிக்கட்டை. அது ஆக்ஸிலேட்டரை முறுக்கியபடிதான் இருந்தது. பிறகு காலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பிரேக்குக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், பாதம் ஹாயாக உட்கார்ந்திருந்தது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று மனசு உடனே வக்கீல் வேலைக்குக் கிளம்பியது. அமராவதி இந்த ஊரில் வெகுகாலம் பெட்ரோல் ஆட்டோ ஓட்டியவள். புது வண்டியை நெரிசலில் ஓட்டிப் பார்க்கக் கம்பெனி அவளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. பெட்ரோல் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் ஏற்றத்தில் நின்றால் பிரேக்கைத் தேடுவதில்லை. கிளச்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, வண்டி முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் அப்படியே நிறுத்திவிட்டுப் பக்கத்து ஆட்டோக்காரனோடு அரட்டை அடிப்பார்கள். அதில் ஒரு பெருமைகூட உண்டு. ஏற்றத்தில் பிரேக் மிதிப்பவன் அவர்களுக்குப் புதுசு. இந்த வண்டியில் கிளச்சே இல்லை, கைதான் பழையபடி முறுக்குகிறது. முறுக்கினால் மோட்டாரும் ஆனமட்டும் தம் கட்டி வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஓடுகிற மோட்டாருக்குச் சூடு பெரிய விஷயமில்லை. கரண்ட் மூன்று வழியில் மாறி மாறிப் போகும், ஒருவன் சுமக்கும்போது இன்னொருவன் மூச்சு வாங்கிக்கொள்வான். நிற்கிற மோட்டாரில் அந்த மாற்றமே கிடையாது, மொத்தச் சுமையும் ஒருத்தன் தலையில். கன்ட்ரோலருக்குள் அந்த ஒரு இடம் கொதிக்கும். கொதித்துக் கருகிவிடக் கூடாது என்று அதற்குள் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறது: சூடு எல்லையைத் தாண்டினால் கரண்டை நிறுத்திக் கையை விட்டுவிடு. எழுதியவர் வெள்ளிங்கிரி. ஆரம்பத்தில் நாலைந்து கன்ட்ரோலர் கருகி நாறியபோது அவசரமாக எழுதியது, அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். கையை விட்டால் வண்டி என்ன ஆகும் என்பது விதியில் இல்லை. கன்ட்ரோலர் பிழைத்துக்கொள்ளும்.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். வண்டியின் உள்விவகாரமெல்லாம் அதில் தெரியும். சூடு காட்டுகிற பட்டை பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் நீண்டுகொண்டிருந்தது. இன்றைக்குப் பீளமேட்டு ஆபீசில் மீட்டிங். மீட்டிங் என்று பேருக்குத்தான், எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. வண்டியின் மின்பகுதி உள்ளே இருப்பவர்களுக்கும் ரோட்டில் போகிறவர்களுக்கும் பாதுகாப்பானது என்று வெள்ளிங்கிரி ஒரு கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் வண்டிகள் ஷோரூமுக்குப் போகும். ஏற்றத்தில் நின்றால் தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்கிற ஒரு சின்ன பாகம் வைக்கலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். வைக்கலாம். வைத்தால் பிரேக் குழாயை மாற்ற வேண்டும், மறுபடி எல்லா டெஸ்டும், மறுபடி சான்றிதழ், மூன்று மாசம் ஆகும். பெரிய முதலாளியின் மகன் மிதுன்தான் இப்போது முதலாளி. சின்ன வயசில் அப்பாவோடு ஃபேக்டரிக்கு வந்து வெள்ளிங்கிரியின் மேஜை டிராயரைக் குடைந்தவன். அந்த உரிமையில் இன்னும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறான். "எதுக்குண்ணா அவ்வளவு? ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம். ட்ரெய்னிங்லயும் சொல்லிடலாம். பீப் சத்தம் வேற இருக்குதே" என்றான். நல்ல பையன், கெட்ட எண்ணமில்லை. அறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள், வெள்ளிங்கிரியும் ஆட்டினார், ஆட்டாமலிருக்கக் கழுத்தில் தெம்பு வேண்டுமே. ஸ்டிக்கர் வந்துவிட்டது. மஞ்சளில் கறுப்பு எழுத்து, அமராவதியின் கண்ணுக்கு நேரே, மீட்டருக்கு மேலே: ஏற்றத்தில் பிரேக் பிடிக்கவும். பீப் சத்தமும் இதோ அடிக்கிறது, லேபில் கணீரென்று கேட்டது, இங்கே இத்தனை ஹாரனுக்கு நடுவில் பூனைக்குட்டி எங்கோ கத்துகிற மாதிரி இருக்கிறது.

கையெழுத்துப் போட்டுவிடலாம், என்ன இப்போது. போட்டால் வியாழக்கிழமை செல்வநாயகியை ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். அவர் மனைவிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. ஆபரேஷனுக்கு இரண்டு தடவை தேதி குறித்து இரண்டு தடவையும் இந்த வண்டியால் தள்ளிப்போனது. மாடிப்படியில் அவள் பக்கவாட்டில்தான் இறங்குவாள், கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பாதியில் நின்றுவிடுவாள். நிற்பதும் அவளுக்கு ஓய்வில்லை, நிற்கத்தான் அதிகம் வலிக்கும். கீழே அவர் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தால், "என்னாலதாங்க உங்களுக்கு லேட்டாகுது" என்பாள். தேதி தள்ளிப்போன அன்றைக்கும், "சரி விடுங்க, என் முட்டிக்கு என்ன அவசரம், மொதல்ல உங்க வண்டி போகட்டும்" என்றாள். கத்தியிருக்கலாம். தட்டைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்திவிட்டு அன்றைக்காவது அசந்து தூங்கியிருப்பார். இந்தத் தடவை பையே எடுத்து வைத்துவிட்டாள். நேற்று பார்த்தார், கட்டிலுக்கு அடியில், பிளாஸ்க், இரண்டு நைட்டி, அவருக்கு ஒரு போர்வை. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களுக்குக் குளிருமாம். போர்வையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தார். ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கிறீங்க என்று அவள்தான் சொன்னாள், அவருக்குத் தெரியாது, பல் டாக்டரும் கடைவாய்ப் பல்லில் விரிசல் என்றார். அரைத்தூக்கத்தில் கிடக்கிற மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு அப்படிப் பல்லைக் கடிக்கிறானோ. போட்டுவிடலாம் கையெழுத்தை.

"என்னங்க சார், தூங்கிட்டீங்களா?" அமராவதி கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள். "இல்லம்மணி" என்றார். "லாரிக்காரன் எறங்கி டீ குடிக்கப் போயிட்டானாட்ட இருக்குது. எங்க அக்கா பையனுக்கு இன்னிக்குப் பொண்ணு பாக்கப் போறாங்க, என்னையும் வரச்சொல்லி அக்கா ஒரே நச்சரிப்பு. நான் போயி என்னத்தப் பாக்க, பொண்ணுதான் இவனப் பாக்கோணும், மூஞ்சிய எப்பப் பாத்தாலும் உர்ருன்னு வெச்சிருப்பான்." பேச்சு போய்க்கொண்டே இருந்தது, மணிக்கட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. பிரேக்கைப் பிடி அம்மணி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. காலையில் ஃபேக்டரி கேட்டில் சொன்னார், போன வாரமும் சொன்னார், சொல்லும்போதெல்லாம் அவள் அசடு வழியச் சிரித்துவிட்டுக் காலை வைப்பாள். வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. இப்போது நான் சொல்லிவிட்டால் அவள் பிடிப்பாள். நாளைக்கு ஷோரூமிலிருந்து போகிற வண்டிகளில் பின்சீட்டில் யார் உட்கார்ந்து சொல்லப்போகிறார்கள். அவளே பிடிக்கட்டும். அவளாக நினைப்பு வந்து பிடித்துவிட்டால் ஸ்டிக்கர் போதும் என்று அர்த்தம், நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். இதுவும் ஒரு டெஸ்ட்தானே. இந்த யோசனை வந்ததும் அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெளிச்சியாகக்கூட இருந்தது. "அம்மணி, ட்ரெய்னிங்ல ஏத்தத்தப் பத்தி என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று லேசாகத் தூண்டிவிட்டார். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏத்தத்துல நின்னா பிரேக் புடிக்கோணும், ஆக்ஸிலேட்டர்ல நிறுத்தப்படாது. கரெக்டுங்களா?" என்று ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்தாள். கை முறுக்கியபடியே இருந்தது. கரெக்ட் என்றார் வெள்ளிங்கிரி.

பட்டை மஞ்சளானது. இவ்வளவு நாள் பம்பு மோட்டாரோடு இருந்திருக்கலாம் என்று தோன்றியது, இந்த ஏற்றத்தில் இப்போது போய்த் தோன்றுகிறது. மிதுனின் அப்பா காலத்தில் கம்பெனி செய்தது அதைத்தான், போர்வெல்லுக்கு இறக்குகிற மோட்டார். குழாய்க்குள் இறங்கித் தண்ணீரில் முங்கி, யார் கண்ணுக்கும் படாமல் ஓடும். எரிந்துபோனால் தோட்டக்காரர் போன் பண்ணித் திட்டுவார், ஆள் போய் மேலே தூக்கி, எரிந்த கம்பிச்சுருளை மாற்றிக் கட்டி, திரும்ப இறக்கிவிட்டால் திட்டும் தீர்ந்தது. அந்த மோட்டாருக்குப் பின்னால் யாரும் பிள்ளையை நிறுத்தி வைப்பதில்லை. பிள்ளையா, எந்தப் பிள்ளை என்று தன்னையே கேட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார், பார்க்கும் முன்பே ஏதோ சத்தம் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆட்டோவின் முதுகில் சர் சர் என்று விரல் உரசுகிற சத்தம். கண்ணாடித்தாள் ஜன்னல் வழியே ஒரு சிவப்பு ரிப்பன் தெரிந்தது. ஒட்டி நின்ற ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, முன்னால் கால் வைக்கிற இடத்தில் நிற்கிற பெண்குழந்தை. இந்த ஊரில் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே கையகலம்கூட யாரும் விடுவதில்லை, விட்டால் இன்னொருத்தன் நுழைந்துவிடுவான். குழந்தை கையை நீட்டி ஆட்டோ முதுகில் படிந்த தூசியில் படம் போட்டுக்கொண்டிருந்தது. வட்டம், அதற்குள் இரண்டு கண். லேபில் வண்டிக்குள் ஏற்றிய பயணிகள் மணல் மூட்டை. பின்னால் யாரையும் நிறுத்தியதில்லை, எதற்கு நிறுத்த வேண்டும், அங்கே ஏற்றம் கம்ப்யூட்டரில் தட்டுகிற எண்தானே. சொல்லிவிடு, சொல்லிவிடு. இன்னும் மஞ்சள்தான், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இதோ அவள் காலை அசைத்தாள், பிடிக்கப்போகிறாள், நினைப்பு வந்துவிட்டது. அமராவதி காலால் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டு பாதத்தைப் பழைய இடத்திலேயே வைத்தாள். பட்டை ஆரஞ்சானது. அப்போதுதான் அவருக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. ஒரு மத்தியானத் தூக்கத்துக்காக யாரோ பெற்ற பிள்ளையைப் பின்னால் வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார். டெஸ்டாம். உள்ளங்கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, பிரேக் இல்லாத வெறும் தரையை, எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, கெண்டைக்கால் கல்லாகியிருந்தது.

"பிரேக்! பிரேக் புடி அம்மணி!" என்று கத்தினார். குரல் கரகரவென்று வேறு யாருடையதோ மாதிரி வந்தது. அமராவதிக்கு என்னவென்று புரியவில்லை. பெரியவர் எதற்கோ கூப்பிடுகிறாரே என்று மரியாதையாக முழு உடம்பையும் திருப்பி, "என்னங்க சார்?" என்றாள். சீட்டுக்கு அடியில் கீச்சொலி நின்றது. அந்த அமைதியை வெள்ளிங்கிரி எத்தனையோ தடவை லேபில் கேட்டிருக்கிறார், சந்தோஷமாகக் குறித்துக்கொண்டிருக்கிறார், விதி வேலை செய்கிறது என்று. கன்ட்ரோலர் கையை விட்டது. வண்டி சத்தமே இல்லாமல், ஏதோ முடிவு பண்ணிவிட்ட மாதிரி, பின்னால் இறங்கியது. பின்னால் ஒரு பெண்ணின் அலறல், "கைய எடு பாப்பா, கைய எடு", பிளாஸ்டிக் நொறுங்குகிற சத்தம், அமராவதியின் கால் பிரேக்கில் விழுந்த சத்தம். நின்றது. குழந்தை வீரிட்டு அழுதது. அழுகிறது, அழுகிறது என்று அவர் மனசு அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அமராவதி குதித்து ஓடினாள். அவர் இறங்கிப் போவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. குழந்தையின் ஐந்து விரலையும் அம்மா விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூசி அப்பியிருந்தது, வேறொன்றுமில்லை. ஸ்கூட்டரின் முன் மட்கார்டு பிளந்திருந்தது. "ஏம்மா, ஓட்டத் தெரியலன்னா எதுக்கு ரோட்டுக்கு வர்ற? எங்க பாத்துட்டு ஒக்காந்திருந்த?" என்று ஸ்கூட்டர்காரர் கத்தினார். நியாயமான கோபம். "பொம்பளைங்ககிட்ட ஆட்டோவக் குடுத்தா இப்படித்தான்" என்று சம்பந்தமில்லாத ஒருவர் பைக்கில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார். "தப்புத்தானுங்ணா, கவனிக்கலீங்ணா, மன்னிச்சுக்குங்க" என்று அமராவதி எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள். நடுவில் நின்ற வெள்ளிங்கிரியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவர் வெறும் சவாரி.

லாரி இன்னும் நகரவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்ததும் அவள் முதல் காரியமாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்க்கவில்லை, முன்னால் பார்த்தபடியே பேசினாள். "சார், முழுக்க என் தப்புங்க. கண்ணு முன்னாலயே ஒட்டியிருக்குது. நீங்க காலைல கூடச் சொன்னீங்க. இப்பத்தான் வாயில ஒப்பிச்சேன், கைக்குப் புத்தியில்லாமப் போச்சு. ஆபீஸ்ல சொல்லிப்போடாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வேலைய விட்டு எடுத்துப்போடுவாங்க." வெள்ளிங்கிரி ஸ்டிக்கரைப் பார்த்தார். ஸ்டிக்கர் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, பிரமாதமாக வேலை செய்திருக்கிறது. வண்டியைப் பிடிக்கவில்லை, அமராவதியைப் பிடித்துவிட்டது. இனி ஊரில் எந்த ஏற்றத்தில் எந்த வண்டி பின்னால் உருண்டாலும், அந்த வண்டியில் ஒருத்தர் இறங்கிக் கும்பிட்டு என் தப்புத்தான் என்று சொல்லிக்கொள்வார், கம்பெனி வரைக்கும் ஒரு சத்தமும் வராது. என்னாலதாங்க உங்களுக்கு லேட்டாகுது. படியில் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லுகிற குரல். சரி விடுங்க. எத்தனை சரி விடுங்க. தாங்கிக்கொண்டு நிற்பவர்களே மன்னிப்பும் கேட்டுவிட்டால் மற்றவர்களுக்கு எவ்வளவு சௌகரியம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது, வந்தது அழுகையா, அசதியா, இரண்டுக்கும் நடுவில் அவருக்கு வித்தியாசம் தெரியாமல் போய் எவ்வளவோ நாளாகிறது.

போன் அடித்தது. மிதுன். "அண்ணா, எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. ஒரு கையெழுத்துதானேண்ணா, போட்டுட்டு நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க." ரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் உடம்பு அதன் பக்கம் சாயப் பார்த்தது. "லேட்டாகும் தம்பி" என்றார் வெள்ளிங்கிரி. "டிராஃபிக்குங்களா? எவ்வளவு நேரம் ஆகும்?" பின்னால் குழந்தை விசும்பி விசும்பி ஓய்ந்துகொண்டிருந்தது. "மூணு மாசம் ஆகும்" என்றார். அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. மிதுன் என்ன சொல்வான் என்று அவருக்குத் தெரியும், அதற்குத் தான் சொல்ல வேண்டிய பதிலும் தெரியும், அந்தப் பதிலுக்கு அவன் கோபப்படுவதும் தெரியும், அத்தனையும் இனிமேல்தான் ஒன்றொன்றாக நடக்க வேண்டும் என்பதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. "அந்த பிரேக் பாகம் இல்லாம நான் போட மாட்டேன் தம்பி. வந்து விவரமாச் சொல்றேன். அப்பறம், வியாழக்கெழமையில இருந்து நான் லீவு. வீட்டுல ஆபரேஷன். அதுல மாத்தம் கெடையாது." சொன்ன பிறகுதான் தெரிந்தது, இதைப் போன தடவையே சொல்லியிருக்கலாம், அதற்கு முந்தின தடவையும் சொல்லியிருக்கலாம், வாய் திறந்தால் வந்துவிடுகிற வார்த்தைதான். போனை வைத்தார்.

அமராவதி மெதுவாகத் திரும்பினாள், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல். முகம் வெளுத்திருந்தது. "மூணு மாசமுங்களா? வண்டி நின்னு போச்சுங்களா? என்னாலயாங்க சார்?" என்றாள். இல்லம்மணி என்று சொல்ல நினைத்தார், சொன்னால் நம்பப்போவதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. எட்டிக் கையை நீட்டி, மீட்டருக்கு மேலே இருந்த மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, உரிக்கப் பார்த்தார். கொஞ்சம் கிழிந்து கையோடு வந்தது, மீதி வரவில்லை. இன்னொரு மூலையில் நகத்தை விட்டுச் சுரண்டினார். மிதுன் நல்ல பசையாகத்தான் வாங்கியிருந்தான்.